பின்கதவோரத்து வாழைகள்

கடைசி நாளன்று தோட்டத்தில் இருந்தவர்கள்:

மேனேஜர் ஒகித்தா. வயது அறுபத்து மூன்று. அந்தச் சூட்டில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பாய்லர் பார்க்கும் குரிஹாரா. ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது பேசுகிற ஆளைப் பொறுத்து மாறும்.

நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் தொமோயே அக்கா.

ஃபுமியே. செத்துப்போன தோகாஷியின் மனைவி. பதினோரு வருடம் கழித்து அன்றுதான் வந்தார்.

நான், முராய். அன்று மதியம் வரை என் கால்களில் பத்து விரல்களும் இருந்தன.

தோகாஷியை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய பெயர்ச் சில்லு இருந்தது. சுவரில், சிவப்புப் பக்கம் தெரியும்படி.

வடகோடி ஊரான அசாஹிகாவாவில் ஜனவரியின் கடைசி வாரம். வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே, உள்ளே இருபத்து நான்கு டிகிரி மேலே. நடுவில் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கண்ணாடி. அதற்கு இந்தப் பக்கம் நின்று பதிமூன்று குளிர்காலம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். விவசாயக் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அதுவே அதிகம்.

ஊரில் அந்தக் கண்ணாடி வீட்டைத் தென்னாட்டுத் தோட்டம் என்பார்கள். போர்க்காலத்தில் தெற்குத் தீவுகளில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு மர வியாபாரி கட்டியது. குளிர்காலத்தில் தெருவோர மரங்களுக்கு வைக்கோலும் கயிறும் சுற்றிப் பிணத்தைக் கட்டியதுபோல நிறுத்தியிருப்பார்கள். உள்ளே செம்பருத்தி மாதம் தெரியாமல் பூத்துக்கொண்டிருக்கும். வயதானவர்கள் பப்பாளிக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக் காயப்போடுவார்கள். கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து வெளியே பின்கட்டு முற்றத்தில் விழும்போது தரை அதிரும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் எவ்வளவு மெல்லிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஒரு சட்டம்தான் உண்டு. முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கு ஒரு மரச் சில்லு ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் பெயர் கறுப்பில், மறுபக்கம் அதே பெயர் சிவப்பில். காலையில் வந்ததும் கறுப்பைத் திருப்ப வேண்டும். வீட்டுக்குப் போகும்போது சிவப்பை. கடைசியாகப் பூட்டுகிறவன் பலகையைப் பார்ப்பான். ஒரு சில்லு கறுப்பாக இருந்தாலும் பூட்டக் கூடாது. அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தர் சில்லை இன்னொருத்தர் தொடக் கூடாது என்பது மேனேஜர் வாயால் தினமும் கேட்ட பாட்டு.

எல்லோரும் தொட்டோம். தோகாஷி வாரத்தில் மூன்று நாளாவது திருப்ப மறந்துவிட்டுப் போவார். பூட்டுகிற முறை என்னுடையதாக இருந்தால் நானே திருப்பிவிடுவேன். மறுநாள் காலையில் அவர் எனக்கு டப்பாக் காப்பி ஒன்று வாங்கித் தருவார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே மாதம், பனிப்புயல் அடித்த நாள். நாலரைக்கே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூட்ட வேண்டியவன் நான். பலகையில் தோகாஷியின் சில்லு மட்டும் கறுப்பு. கோட்டு மாட்டும் கொக்கியைப் பார்த்தேன். அவர் கோட்டு இல்லை. செருப்புத் தட்டைப் பார்த்தேன். அவர் பூட்ஸ் இல்லை. மறுபடியும் மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சில்லைத் திருப்பினேன். பின்கதவுக்குத் தாழும் பூட்டும் போட்டேன். அதன் கண்ணாடி முழுக்க உறைபனி பூத்து வெள்ளையாக இருந்தது. வெளியே ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. தெருவில் பனி வாரும் வண்டி என்று நினைத்தேன். முன்கதவையும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

அவர் பின்கட்டில் இருந்தார். சரிந்த பனி கீழ்வரிசைக் கண்ணாடிகளை அழுத்திவிடும் என்று அள்ளிப் போடப் போயிருக்கிறார். இரண்டு நிமிட வேலை என்று அரைக்கைச் சட்டையோடு போயிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போவோம். கோட்டு நனைந்திருந்ததால் பாய்லர் அறையில் குழாய்மேல் காயப் போட்டிருந்தார். பின்கட்டுக்கு மூன்று பக்கம் மதில். நாலாவது பக்கத்தைப் புயலும் கூரைப் பனியுமாக அடைத்துவிட்டன.

காலையில் குரிஹாராதான் பார்த்தார். கதவிலிருந்து ஐந்து தப்படி தூரத்தில் தோகாஷி கிடந்தார். கையில் பனி வாரும் மண்வெட்டி. கதவுக்கு முன்னால் ஏழு தப்படி நீளத்துக்கு ஒரு பாதை, நடந்து நடந்து இறுகிப்போயிருந்தது. ஒரு கண்ணாடிகூட உடைந்திருக்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டார். "நான் பூட்டும்போது சில்லு சிவப்பா இருந்தது" என்றேன். பொய் இல்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நிறமாக இருந்தது என்று அவர் கேட்கவில்லை. சில்லு சிவப்பு, கோட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், கண்ணாடியை உடைக்கவில்லை. ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. அவர் வேண்டுமென்றே போனார் என்று. நான் அதை மறுக்கவில்லை.

அதற்கு அடுத்த குளிர்காலத்திலிருந்து, நான் பூட்டுகிற நாட்களில், விளக்கை அணைத்ததும் பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்கும். இரண்டு சுரண்டல், ஒரு தட்டல். பாய்லரின் உறுமலுக்கு அடியில், மெலிதாக. முதல் நாள் வெளியே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பனியில் தடமும் இல்லை. அதற்குப் பிறகு போய்ப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நூறு எண்ணுவேன். பிறகு பூட்டுவேன். குளிர் உள்ளே வந்து ஈரக் காற்றில் பட்டு வெள்ளைப் புகையாகத் தரையில் ஊர்ந்து போகும். பின்கதவோரம் இருந்த நாலு வாழைகள் ஒவ்வொரு ஜனவரியிலும் கருகின. கோடையில் தளிர்க்கும், மறுபடியும் கருகும். பதினோரு வருடத்தில் அவை ஒரு தார் போடவில்லை.

எண்ணெய் விலையும் பழைய பாய்லரும் சேர்ந்து தோட்டத்தை மூடின. நாலு மணிக்குப் பாய்லரை நிறுத்துவது என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். விடிவதற்குள் எல்லாம் உறைந்துவிடும். எடுத்துப் போகக் கூடிய செடிகளை முந்தின வாரமே லாரியில் ஏற்றியாயிற்று. வேர் விட்டவை நின்றன.

மதியம் பப்பாளிக்கு அடியில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். சட்டியில் முள்ளங்கியும் மீன் உருண்டையும் வெந்துகொண்டிருந்தன. சாக்கே மதுவைக் குரிஹாரா பாய்லர் மேல் வைத்தே சூடாக்கிக் கொண்டுவந்தார்.

"பின்னால நாலு வாழையும் இந்த வருஷமும் போச்சு, பாத்தியா முராய்?" என்றார் தொமோயே அக்கா.

"அந்த மூலைல மண்ணு சரியில்லக்கா."

"மண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் ராசிதான். உன்னக் கட்டிக்க ஒருத்தியும் வரலங்கறது வாழைக்குக்கூட தெரிஞ்சிருக்கு."

"என்ன, என்ன சொல்ற?" என்று குரிஹாரா காதைத் திருப்பினார்.

"உனக்கு ஒண்ணுமில்ல. குடி."

"அது கேட்டுச்சு."

"அதுதான் கேக்குமே. பாய்லர் சீட்டியடிச்சாக் கேக்காது, புட்டி தொறந்தா மூணு தெரு தாண்டிக் கேக்கும்."

மேனேஜர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பலகையிலிருந்து சில்லுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"நாளைக்கு இந்தப் பலகையயும் பேத்துருவாங்க. உங்க பேரு உங்ககிட்டயே இருக்கட்டும்."

என்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் செருப்புத் தட்டு மட்டும்தான் இருந்தது. பிற்பாடு தொமோயே அக்கா என்னைத் தேட ஆரம்பித்ததும் அதில் என் பூட்ஸைப் பார்த்துத்தான்.

"ஒண்ணு அங்கயே விட்டுட்டீங்க," என்றார் அக்கா.

"அத நான் கையால தரணும். அந்தம்மாவுக்கு எழுதியிருந்தேன். மூணு மணிக்கு வராங்க."

குரிஹாரா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் பாய்லர் ரூம்ல இருக்கேன். கேட்டா, வேலையா இருக்கேன்னு சொல்லிடுங்க. அவங்க மொகத்த என்னால பாக்க முடியாது."

"நீ என்னய்யா பண்ண, பாவம்," என்றார் அக்கா. "பாத்தது நீங்கறதத் தவிர."

நான் முள்ளங்கியை மென்றேன். எனக்கும் ஒரு பாய்லர் அறை இருந்திருக்கலாம்.

மூன்றரை மணி தாண்டித்தான் வெளிக்கதவு திறந்து மூடியது. பிறகு உட்கதவு. எப்போதும்போல வெள்ளைப் புகை ஒரு முட்டு முட்டி உள்ளே வந்தது. அந்தப் புகைக்குள் எனக்கு முதலில் தெரிந்தது கோட்டு. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, இடது முழங்கையில் தோல் ஒட்டு. பதினோரு வருடத்துக்கு முன் பாய்லர் குழாய்மேல் காய்ந்தது. கிண்ணம் என் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அதற்குள் இருந்தது ஃபுமியே. கோட்டுக்குப் பாதி ஆள்கூட இல்லை. ஐம்பது வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

மேனேஜர் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் சில்லை நீட்டினார். அவரும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

"கோட்டக் கழட்டிக்கோங்கம்மா," என்றார் தொமோயே அக்கா. "அஞ்சு நிமிஷத்துல வேர்த்துக் கொட்டும்."

"இருக்கட்டும். பழகிடுச்சு."

அவர் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு, சிவப்பு, கறுப்பு.

"எந்தப் பக்கம் வெளிய?"

"செவப்பும்மா," என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு செவப்புதானே இருந்துச்சு?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "முராய்தான் அன்னிக்குப் பூட்டினது."

"ஆமாங்க," என்றேன். "நான் பூட்டும்போது சில்லு சிவப்பா இருந்தது."

பதினோரு வருடமாக அதே சொற்கள், அதே வரிசை. மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல எனக்கே கேட்டது. ஃபுமியே தலையை ஆட்டினார்.

"அந்தக் கதவப் பாக்கணும்."

"முராய், கூட்டிட்டுப் போ," என்றார் மேனேஜர்.

தோட்டம் நீளமானது. நடக்க நாலைந்து நிமிடம் ஆகும். பெரணிகள், காப்பிச் செடிகள், தண்ணீர்த் தொட்டி. ஃபுமியே எதையும் தொடவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்து புருவத்தில் நின்றது. துடைக்கவில்லை. எனக்குப் பின்னால் அந்தக் கோட்டு கம்பளி வாசம் அடித்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பின்கதவுக்கு முன்னால் நின்றோம். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு, மேலிருந்து கீழ்வரை உறைபனி இறகு இறகாகப் படர்ந்திருந்தது. பூட்டில் சாவி தொங்கியது. பக்கத்துச் சுவரில் ஒரு வெறும் ஆணி.

"இங்கதானா?"

"இங்கதாங்க."

"உள்ள வாழை, வெளிய பனி. நடுவுல இவ்வளவுதானா?" அவர் கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினார். "எல்லாரும் என்னக் கேட்டாங்க முராய்சான். இத ஏன் உடைக்கலன்னு. மண்வெட்டி கைல இருந்துச்சு. ஒரு அடி. எங்க மாமியார் சாகறவரைக்கும் கேட்டாங்க. போகணும்னு நெனச்சவன்தான் உடைக்காம நிப்பான்னாங்க. அன்னிக்குக் காலைல நீ என்ன சொன்னன்னு கேட்டாங்க."

அவரே சொன்னார்.

"ராத்திரி படுக்கறதுக்கு முன்ன தண்ணிக்குழாய வடிச்சு விடணும். அது அவரு வேல. மறந்துட்டாரு. காலைல வீடு பூரா குழாய் உறஞ்சு கெடக்கு. அரிசி களையத் தண்ணியில்ல, மொகம் கழுவத் தண்ணியில்ல. நான் கத்தினேன். இனிமே வீட்டுக்கு வராதீங்க, உங்க வாழை மரத்துக்குக் கீழயே போய்ப் படுத்துக்கோங்கன்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டே போனாரு. ஒரு குழாய்க்காக." கோட்டின் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டார். "இத மாமியார்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரு நான் சொன்னதக் கேட்டுட்டாருன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன். நான் வராதீங்கன்னேன், அவரு வரல."

நான் வாழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலைகள் சுருட்டுப் புகையிலைபோலப் பழுப்பாகத் தொங்கின. அவரும் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்கு? மத்ததெல்லாம் பச்சையா இருக்கே."

"குளிர் பட்டதுங்க."

"கதவுல ஓட்டையா?"

"இல்ல."

"அப்புறம்?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. மண் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். தொமோயே அக்காவிடம் பதினோரு வருடம் செல்லுபடியானது. சொல்லவில்லை. நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்லிக் களைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"நான் தொறக்கறேங்க. சாயந்திரம் பூட்டறதுக்கு முன்ன. நூறு எண்ணுற வரைக்கும்."

"எதுக்கு?"

"அவர் உள்ள வரட்டும்னு."

ஃபுமியே என்னை அப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"சில்லு கறுப்பா இருந்ததுங்க," என்றேன். "நான்தான் திருப்பினேன். கோட்டு இல்ல, பூட்ஸ் இல்ல, போயிட்டாருன்னு நெனச்சேன். அவரு அடிக்கடி மறப்பாரு. நானே திருப்பிடுவேன். அன்னிக்கும் திருப்பினேன். தேடல. போலீஸ்கிட்ட இதச் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல."

அந்த நேரத்தில் பாய்லர் நின்றது. குரிஹாரா மணி பார்த்து நிறுத்தியிருக்கிறார். பதிமூன்று குளிர்காலமாக அந்த உறுமல் நிற்க நான் கேட்டதில்லை. காதுக்குள் அடைப்பு எடுத்ததுபோல இருந்தது. எங்கோ இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. இரண்டு சுரண்டல், ஒரு தட்டல்.

"தெருவுல பனி வார்ற வண்டிங்க," என்றேன்.

"இல்ல." ஃபுமியேவின் குரல் மாறவில்லை. "ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, மண்வெட்டிய ஒரு தட்டுத் தட்டுவாரு, ஒட்டின பனி விழறதுக்கு. வீட்டு வாசல்லயும் அப்படித்தான். அக்கம்பக்கத்துல வேற யாரும் தட்ட மாட்டாங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தன வருஷமா கேக்குது?"

"மறு வருஷத்துலேருந்து."

"ஒங்களுக்கு மட்டும்."

"ஆமா."

"எங்க வீட்டு வாசல்ல ஒரு நாளும் கேக்கல," என்றார். பொறாமைப்படுகிற மாதிரி சொன்னார்.

சுரண்டல் நிற்கவில்லை. அவர் சில்லைக் கையில் வைத்து அழுத்தினார். பிறகு மெதுவாக, கணக்குப் போடுகிறவர்போலப் பேசினார்.

"கறுப்பா இருந்தா பூட்டக் கூடாது. அதானே சட்டம்?"

"ஆமா."

"பூட்டினவன் பலகையப் பாப்பான். கறுப்பு இருந்தா தேடி வருவான்."

"ஆமா."

"அவருக்குத் தெரியும், தன்னோடது கறுப்பா இருக்குன்னு. அவரு திருப்பலயே."

இந்த இடத்துக்கு நான் பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். இறுகிப்போன அந்த ஏழு தப்படிப் பாதையைப் பார்த்த காலையிலேயே.

"கதவு பூட்டியிருக்கு, யாரோ தெரியாம பூட்டிட்டாங்க, பலகையப் பாத்தாத் திரும்பி வருவாங்கன்னு நின்னிருக்காரு. இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு. அதான் உடைக்கல. உடைச்சா இதெல்லாம் செத்துடும், அஞ்சு நிமிஷம் பொறுத்தா ஆள் வந்துடும்." அவர் வாழைப் பக்கம் கையை ஆட்டினார். "அப்ப அன்னிக்கு அவர் எதையும் மறக்கல."

"இல்லங்க. மறக்கல."

"நான் சொன்னதுக்காகவும் போகல."

"இல்ல."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கோட்டைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். தோள் நேராக நிற்கும்படி இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த ஆளின் கோட்டை மாட்டுகிற கை அது.

"சாவி எப்படித் திருப்பணும்?"

"எடது பக்கம். தாழ மேல தூக்கணும்."

திறந்தார். கதவு உறைபனியைப் பிய்த்துக்கொண்டு முனகியது. குளிர் முகத்தில் அறைந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பனி நீலமாகக் கிடந்தது. மதிலின் மேல் தெரு விளக்கு ஒன்று. தடம் எதுவும் இல்லை. சத்தம் நின்றுவிட்டது.

புகை உள்ளே வந்தது. வழக்கமாக அது தரையோடு ஊர்ந்து வரும். அன்று பாய்லர் நின்றதால் காற்று வேறு மாதிரி ஓடியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அது ஆள் உயரத்துக்கு எழும்பி நின்று, வாசற்படியைத் தாண்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் போயிற்று. ஆணியில் தொங்கிய கோட்டின் ஒரு கை அசைந்தது. முதல் வாழையின் இலை அசைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு செடிகளுக்கு நடுவில் எதுவும் தெரியவில்லை.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கம். நாற்பதுக்கு வந்திருந்தேன்.

"வந்துட்டாரு," என்றார் ஃபுமியே.

சில்லைக் கறுப்புப் பக்கம் தெரியும்படி கோட்டோடு சேர்த்து ஆணியில் தொங்கவிட்டார். இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. சட்டைப்பையிலிருந்து என் சில்லை எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே விரல்களை மூடிக்கொண்டார்.

"இப்ப நீங்க வெளிய போங்க, முராய்சான்."

"எவ்வளவு நேரங்க?"

"அவரு யார்கிட்டயாவது கேட்டாரா?"

நான் அரைக்கைச் சட்டையில் இருந்தேன். காலில் உள்ளே போடும் ரப்பர் செருப்பு. பின்கட்டுக்கு மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கத்தில் சரிந்த பனி என் மார்பு உயரத்துக்கு நின்றது. அதையெல்லாம் பார்த்தேன். மேனேஜரைக் கூப்பிட்டிருக்கலாம். ஃபுமியேவைத் தள்ளிவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்திருக்கலாம். என் எடையில் பாதிகூட இருக்க மாட்டார். செய்யவில்லை. படியிறங்கினேன். கதவுக்குப் பக்கத்தில் மண்வெட்டி சாத்தி வைத்திருந்தது. அதை யார் அங்கே வைத்தது என்று கேட்க நான் திரும்பினேன்.

கதவு மூடிவிட்டது. தாழ் விழுந்தது. பிறகு சாவி, வலது பக்கமாக, ஒரு முழுச் சுற்று.